ஜன்னல் பக்கத்து மூஞ்சி

நல்லவேளை, இந்த ஊர்ல டிரைவரு இடது பக்கம் உக்கார்றாங்கன்னு வெயிலுமுத்து நெனைச்சாரு. வந்து எறங்குன நாலு மாசமா இதே விசயத்தத்தான் கிண்டலடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. முத நாளு ஏர்போர்ட் வாசல்ல மகன் பாண்டியராஜ் காரக் கொண்டாந்து நிப்பாட்டுனப்ப, இவரு பாட்டுக்கு நம்மூரு நெனப்புல கதவத் தொறந்து ஸ்டியரிங்குக்கு முன்னாடி ஜம்முனு உக்காந்துட்டாரு. "அப்பா, நீங்களே ஓட்டிட்டு வாங்க, நான் பின்னால நின்னு விசில் ஊதுறேன்"னான் மகன். அன்னைலருந்து யாரு வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கதைதான். இப்ப என்னடான்னா அந்த இடது பக்கந்தான் மானத்தக் காப்பாத்திட்டு இருக்கு. மருமக லோசனி இடது பக்கம் உக்காந்து ஓட்டுறா. இவரு அவளுக்கு வலது பக்கம். இன்னைக்கி மூஞ்சி கோணிக்கிட்டதும் வலது கன்னத்துலதான். அது ஜன்னலப் பாத்தாப்புல இருக்கு. லோசனிக்குத் தெரியறது இடது கன்னம், அதுல ஒரு கொறையும் இல்ல, அறுவத்தி நாலு வருசமா இருந்த அதே கன்னம், மச்சத்தோட. விருதுநகர்ல இப்பிடிக் கார்ல போயிருந்தா ஏறுன ஒடனே மாட்டிருப்பாரு. அமெரிக்காவுல ஆயிரம் கொற சொல்லலாம், ஆனா மூஞ்சிய மறைக்கணும்னா இந்த ஊருக் காருதான் தோது. இத நாளைக்கித் தீவாளி மேடையில சொன்னா கைதட்டுவாங்கன்னு ஒரு பக்கம் தோணுச்சு. தோணுன ஒடனே சிரிப்பு வந்துச்சு. சிரிப்பு பாதி மூஞ்சிக்கு வந்து மூக்கு கிட்ட நின்னுக்கிருச்சு, அந்தாண்ட போகல.

மணி ரெண்டு நாப்பது. பேத்தி ஆதிரைக்கு ஸ்கூலு விடுறது மூணேகாலுக்கு. ஆனாலும் இப்பவே முன்னாடி ஒரு இருவது காரு, பின்னாடி எத்தனைன்னு தெரியல. பிள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு இம்புட்டு காரு வரிசையில நிக்கிற ஊர இவரு எங்கயும் பாத்ததில்ல. நம்மூருன்னா கேட்ட முட்டிக்கிட்டு நிப்பாங்க, ஆட்டோக்காரன் ஒருத்தன் குறுக்க விட்டு நாலு பேருகிட்ட வாங்கிக் கட்டிக்குவான், ஐஸ் வண்டி மணியடிக்கும், பிள்ளைக கேட்டுக்கு அடியில புகுந்து ஓடியாரும். இங்க ஒரு சத்தம் இல்ல. கண்ணாடியில ஒரு அட்டை தொங்குது, அதுல நம்பரு, இவுக நம்பரு எரநூத்திப் பதினாலு. நம்பரக் காட்டுனா பிள்ளையத் தருவாங்க. செருப்பு கழட்டுற எடத்துல டோக்கன் வாங்குன மாதிரி. முன்னாடி நிக்கிற காரு பின்னால ஒரு ஸ்டிக்கரு, அப்பா அம்மா ரெண்டு பிள்ள ஒரு நாயின்னு குச்சி குச்சியா வரைஞ்சு வச்சிருக்கு. வீட்டுல எத்தன பேருன்னு ரோட்டுல போறவனுக்கு எதுக்கு? நம்மூர்ல ரேசன் கார்டு காட்டச் சொன்னாக் கூட ஏன் எதுக்குன்னு கேப்போம். ஒரு வேள அந்த வீட்டுல தாத்தா ஒருத்தரு இருந்தா அவர எங்க ஒட்டுவாங்கன்னு யோசிச்சாரு. நாயிக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் எடம் இருக்கு. இந்த ஊர்ல நாயிக்கு இருக்கிற மரியாத தனி. நாயி முன்னால ஜமீன்தாரு கணக்கா நடக்கும், பின்னால ஒருத்தன் அது போனத பையில கட்டித் தூக்கிட்டு கைங்கரியம் பண்ணிட்டே போவான். இவரு வந்த புதுசுல அவன மாதிரி ஒரு முடிச்சுப் போட்டு, பைய ஆட்டிக்கிட்டே ஒரு நட நடந்து காமிச்சாரு பாருங்க, லோசனி சிரிச்ச சிரிப்புல குக்கரு விசிலு கேக்காம பருப்பு அடிப்புடிச்சுப் போச்சு.

"என்ன மாமா, நாளைக்கி மேடைக்கி வேணுமின்னு இன்னைக்கே பேச்ச மிச்சம் புடிக்கிறீங்களா?"ன்னு கேட்டா லோசனி. கண்ணு முன்னாடி காரு மேலதான். "சரி தாயி"ன்னாரு. சரி தாயி. உதடு ஒட்டாத வார்த்த. இது பழைய வித்த. சாத்தூரு திருவிழாவுல ஒரு பொம்மக்காரன், கையில பொம்மைய வச்சுக்கிட்டு வாயத் தொறக்காம பேசுவான், அவன்தான் சொல்லிக் குடுத்தான்: 'அண்ணே, ப, ம, வ, இந்த மூணையும் விட்டுட்டீங்கன்னா உதட்டுக்கு வேலையே இல்ல. அதுகதான் ஆளக் காட்டிக் குடுக்கும்.' அன்னைக்கி அது வெளையாட்டு. இப்ப ஒண்ணு ஒண்ணா வார்த்தையப் பொறுக்க வேண்டியதா இருக்கு, அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி. மருமகளேனு ஆரமிக்கக் கூடாது. அம்மானும் சொல்லக் கூடாது, தாயின்னு சொல்லலாம். பரவாயில்லனு சொல்ல முடியாது, சரின்னு சொல்லலாம். அவருக்குத் தெரிஞ்ச நூறு கொரலும் தொண்டைக்குள்ளதான் இருக்கு, வாசல்தான் பாதி அடைச்சுக் கெடக்கு.

ஒண்ணரை மணிக்குத்தான் பாத்தாரு. சாப்புட்டு முடிச்சு, கீழ அவரு மட்டும், லோசனி மேல ரூமுல ஆபீஸ் மீட்டிங்குல இருந்தா, காப்பி போட்டு டம்ளர வாயில வச்சு சாச்சாரு. காப்பி உள்ள போச்சு. பாதி வெளிய வந்துச்சு. வலது கடவாய்ல ஒழுகி பனியன்ல சூடா எறங்குச்சு. சூடு நெஞ்சுல தெரியுது, கன்னத்துல தெரியல. டம்ளரு ஓட்டையோனு டம்ளரத் திருப்பிப் பாத்தாரு. பாத்ரூமுக்குப் போயி கண்ணாடியில நின்னாரு. இருவத்தெட்டு வருசம் விருதுநகர் பஸ் ஸ்டாண்டு டைம் ஆபீஸுல மைக்கு முன்னாடி உக்காந்து, மதுரை, சாத்தூர், கோவில்பட்டின்னு கூப்புட்ட வாயி. ராத்திரிக்குத் திருவிழா மேடையில, கரகாட்டத்துக்கும் அடுத்த கரகாட்டத்துக்கும் நடுவுல, ஆட்டக்காரிங்க சேல மாத்துற பத்து நிமிசத்துல சனத்தக் கலைய விடாம புடிச்சு வச்ச மூஞ்சி. அந்த மூஞ்சியக் கண்ணாடியில பாத்து, மூஞ்சிகிட்ட ஒரு ஒரு ஆளா கேட்டாரு. டிக்கெட் எடுக்காம நிக்கிற ஆளு? இடது பக்கம் வந்தான், வலது பக்கம் வரல. தின்னது செரிக்காத எம்மெல்லே? பாதி எம்மெல்லே வந்தாரு. பஸ்ஸு ஏர் பிரேக்கு? உதட்டக் குவிச்சா காத்து வலது பக்கம் போயிருச்சு, புஸ்ஸுனு, பஞ்சரான மாதிரி. வலது கண்ண மூடச் சொன்னாரு. மூடல. அது பாட்டுக்கு இவரையே பாத்துக்கிட்டு நின்னுச்சு, வெளியூருக்காரன் வேடிக்க பாக்குறாப்புல. பயம் வரணுமேனு காத்துக்கிட்டு இருந்தாரு. வரல. கை காலு ஒதறல, வேர்க்கல. வேற யாரோட கண்ணாடியோ, வேற யாரோட பாத்ரூமோங்கற மாதிரி. மொகத்தக் கழுவிட்டு, பனியன மாத்திட்டு, குளிருக்கு மகன் வாங்கிக் குடுத்த மப்ளர தாடை வரைக்கும் சுத்திக்கிட்டாரு. ரெண்டேகாலுக்கு மேலருந்து லோசனி எறங்கி வந்து "மாமா, வர்றீங்களா, ஆதிரையக் கூப்புட?"ன்னப்ப, தலைய ஆட்டிட்டு முன்னாடியே போயி கார்ல ஏறி உக்காந்துட்டாரு.

சொல்லிருக்கலாம். மாடிப்படியில எறங்குறப்பவே சொல்லிருக்கலாம். 'தாயி, ஒரு பக்கம் இழுத்துக்கிருச்சு'ன்னு ஒரே வரி. சொல்லாததுக்குக் காரணம் செவ்வாக்கெழம. இந்த ஊரு டிவியில மருந்து வெளம்பரம் வரும், அதப் பாத்தா இவருக்கு உசிரு. ஒரு பொம்பள புல்லு வெளியில நாயோட ஓடுவா, சிரிச்சுக்கிட்டே பட்டம் விடுவா, பின்னால ஒருத்தன் மூச்சு விடாம சொல்லிட்டே போவான், இந்த மாத்திரையச் சாப்புட்டா தலசுத்தும், ஈரலு கெடும், கண்ணு தெரியாமப் போகும், செத்துப் போகவும் வாய்ப்பு உண்டு, ஒங்க டாக்டர்கிட்ட கேளுங்க. நம்மூர்ல இப்பிடிச் சொல்லி ஒரு பாக்கெட் முறுக்கு விக்க முடியுமா? இதயெல்லாம் அவரு மேடைக்குனு தேத்தி வச்சிட்டு இருக்கறப்பதான் செவ்வாக்கெழம இன்னொரு வெளம்பரம் வந்துச்சு. ஒரு வயசான வெள்ளக்காரரு, சோபாவுல உக்காந்திருக்காரு, திடீர்னு ஒரு பக்க வாயி தொங்குது. அப்பறம் கைய தூக்கச் சொல்றாங்க, ஒரு கை எறங்குது. பேசச் சொல்றாங்க, கொழகொழங்குது. கடைசியில கடிகாரம் காமிச்சு, ஒரு நிமிசம் கூட தாமதிக்காத, போனப் போடுன்னு முடிக்கிறாங்க. மூஞ்சி, கை, பேச்சு, நேரம். லோசனிதான் அர்த்தம் சொன்னா. சொல்லி வாய மூடல, வெயிலுமுத்து அந்த வெள்ளக்காரரா ஆயிட்டாரு. வாயத் தொங்க விட்டு, கைய மெல்ல எறக்கி, கொழகொழன்னு "ஹனி, ஐயம் ஃபைன்"னு சொன்னாரு பாருங்க, பாண்டியராஜு தரையில உருண்டான். லோசனி வயித்தப் புடிச்சுக்கிட்டு "மாமா வேணாம், பாவம் மாமா"ங்கறா, ஆனா சிரிப்ப நிப்பாட்ட முடியல. "அப்பா, இதக் கடைசி ஐட்டமா வைங்க"ன்னான் மகன். அன்னைலருந்து மூணு நாளா அதையே பழகுனாரு. புதன்கெழம சாயங்காலம், நேத்து, இன்னைக்கிக் காலையில இட்லி சாப்புடறப்பக் கூட ஒருக்கா பண்ணாரு. எட்டரை மணிக்கு ஆதிரை ஸ்கூலுக்குக் கெளம்பறப்பவும் அதே மூஞ்சியோடதான் டாட்டா காமிச்சாரு. இப்ப எந்த மூஞ்சியோட போயி இது நெசம்னு சொல்றது?

"மாமா, ஜன்னல ஏத்தட்டா, குளுருதா?" "ஜில்லுனு இருக்கு தாயி." "மப்ளர அப்பிடி சுத்திட்டு உக்காந்திருக்கீங்க, பேங்க்குல கொள்ளையடிக்கப் போறவரு கணக்கா." இடது பக்கத்த மட்டும் வச்சு ஒரு சிரிப்பு சிரிச்சு வச்சாரு. அவளுக்கு அது முழுச் சிரிப்பாத்தான் தெரிஞ்சிருக்கும். ஜன்னலுக்கு அந்தாண்ட ஒரு வீடு, வாசல்ல பன்னெண்டு அடி ஒசரத்துக்கு எலும்புக்கூடு நிக்க வச்சிருக்காங்க, அது கையில பூசணிக்கா, ஏதோ பேய்ப் பண்டிகைக்காம். பக்கத்துல அந்த வீட்டுக்காரன் எலை ஊதுற மிசின வச்சு எலைய ஊதிக்கிட்டு இருக்கான். தன் வீட்டு எலைய எல்லாம் ஊதி ஊதி பக்கத்து வீட்டு எல்லைக்கிக் கொண்டு போறான். கொஞ்ச நேரத்துல பக்கத்து வீட்டுக்காரன் வருவான், அவனும் இங்கிட்டு ஊதுவான். சாயங்காலம் வரைக்கும் எலைக்கு இதே வேல. வாசல்ல எலும்புக்கூடு வைக்கிற சனம், செத்தவங்களப் பத்தி மட்டும் ஒரு வார்த்த பேசாது. எதுத்த வீட்டு டாமு பொஞ்சாதி போன வருசம் செத்துப் போச்சாம். நாலு மாசமா தெனம் பாக்குறாரு, தெனம் ஹவ் ஆர் யூங்கறான், குட்டுங்கறான், ஹேவ் எ குட் ஒன்னுங்கறான். எந்த ஒண்ணுனு சொல்ல மாட்டேங்கறான். ஒரு நல்ல ஒண்ணு. நம்மூர்ல பொஞ்சாதி செத்தா ஊரே வந்து கட்டிப் புடிச்சு அழுகும்.

அழுகும். சொர்ணத்துக்கு அழுதாங்க. மூணு வருசம் ஆச்சு. பந்தலுக்கு அடியில நாலு சேரு, ஐஸ் பெட்டிக்குள்ள சொர்ணம், கண்ணாடியில நீராவி புடிச்சு மூஞ்சி மங்கலா. இவரு கிட்டப் போயி நின்னாரு. அடிவயித்துலருந்து ஒண்ணு கெளம்பி வந்துச்சு, வாயத் தொறந்தாரு, 'என்னப் பெத்த ராசாத்தி'ன்னு ஒரு சத்தம். நெசமான சத்தந்தான். ஆனா கொறைஞ்சது முன்னூறு மேடையில இவரு ஒப்பாரி ஐட்டம் பண்ணிருக்காரு, அதே இழுப்பு, அதே ஏத்தம். பின்னால பொம்பளைக கூட்டத்துல யாரோ ஒருத்தி களுக்குனு சிரிச்சுப்புட்டா. பாவம், அவ வேணும்னு சிரிக்கல, வாயப் பொத்திக்கிட்டு அப்பறம் பெருசா அழுதா. ஆனா இவரு காதுல அந்தக் களுக்கு விழுந்துருச்சு. அப்பிடியே நின்னுக்கிருச்சு. அழுகையும் நின்னுக்கிருச்சு. தோளு குலுங்குனது நின்னு, இவரு போயி சேர்ல உக்காந்து, யாரு யாரு வந்திருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. காரியம் முடிஞ்சு, கருமாதி முடிஞ்சு, மகன் இவர இங்க கூட்டியாந்து, இன்னைக்கி வரைக்கும் அந்த அழுகையோட மிச்சம் வரவே இல்ல. எங்க போச்சுனும் தெரியல. பல்லுப் புடுங்கறப்ப ஊசி போட்ட எடம் மாதிரி, தட்டிப் பாத்தா இருக்கு, வலிக்கல. சொர்ணம் உசிரோட இருக்கறப்ப சொல்லுவா, 'ரொம்பக் கோணாதீக, ஒரு நா அப்பிடியே நின்னுக்கிரும்'னு. கோணிக் காட்டியே அவளச் சிரிக்க வைப்பாரு. இப்ப அவ சொன்னது நடந்துருச்சா? வெள்ளக்காரரு நோவக் கிண்டல் பண்ணதுக்கு வந்து ஒட்டிக்கிருச்சா? ச்சே. நோவு அப்பிடியெல்லாம் வராது. வந்தா சக்கரையால வரும், பிரசரால வரும். பிரசரு மாத்திர முடிஞ்சு ஒரு வாரம் ஆச்சு, மகன்கிட்டச் சொல்லணும் சொல்லணும்னு இருந்து சொல்லல. அதையும் சொல்லல.

லோசனி போன் அடிச்சுச்சு. கார்லயே பேசற மாதிரி இருக்கும், பாண்டியராஜு சத்தம் டேஷ்போர்டுலருந்து வந்துச்சு. "அப்பா பக்கத்துல இருக்காரா? அப்பா, சங்கத்துச் செயலாளர் இப்பத்தான் பேசுனாரு. நாளைக்கி தீவாளி பங்ஷனுக்கு நானூறு பேரு. ஒங்களுக்குக் கடைசி இருவது நிமிசம். போஸ்டர்ல பல குரல் மன்னன்னு போட்ருக்காங்க, பாத்தீங்களா?" "கேக்குது"ன்னாரு வெயிலுமுத்து. "கேக்குதா? பாத்தீங்களானு கேட்டா கேக்குதுங்கறீங்க. ஏப்பா, யாரு இது? எதுத்த வீட்டு டாமா? அவருதான் எதக் கேட்டாலும் ஒரு வார்த்தையில முடிப்பாரு." லோசனி சிரிச்சா. "ஆமாங்க, வந்ததுலருந்து டாமாவே உக்காந்திருக்காரு. நாந்தான் கண்டுபுடிக்கல." "சூப்பருப்பா. சத்தமே போடாம ஒரு ஆளப் பண்றீங்க பாருங்க, அதுதான் வித்த. சரி, சாயங்காலம் பாப்போம்." போன வச்சுட்டான். பேசாம இருந்தாலும் யாரையோ பண்றதாத்தான் நெனைக்கிறாங்க. இந்த ஊரு டிவி நாடகத்துல ஒண்ணு உண்டு, ஒருத்தன் கதவத் தொறந்து உள்ள வருவான், அவ்வளவுதான், ஆளு தெரியாம நூறு பேரு சிரிப்பாங்க. உக்காருவான், சிரிப்பாங்க. பொஞ்சாதி விட்டுப் போயிட்டாங்கறான், அதுக்கும் சிரிப்பாங்க. வந்த புதுசுல இவருக்குப் பொறாமையாக் கூட இருந்துச்சு, இவ்வளவு சல்லிசாச் சிரிப்பு கெடைக்குதேனு. இப்ப அந்தச் சிரிப்பு தனக்குப் பின்னால எங்கயோ தொடர்ந்து ஓடிக்கிட்டே இருக்குற மாதிரி, அத நிப்பாட்டுற பொத்தான் யாருகிட்ட இருக்குன்னு தெரியாத மாதிரி.

மூணு மணி. அப்ப ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அந்த வெளம்பரத்துல காமிச்ச கடிகாரத்துல முள்ளு வேகமா சுத்துச்சு, இந்தக் கார் கடிகாரத்துல நம்பரு மட்டும் சத்தமில்லாம மாறுது. மூஞ்சி ஒண்ணு. கை ரெண்டு. பேச்சு மூணு. மூஞ்சி போச்சு. பேச்சு பாதி போச்சுனு வச்சுக்கலாம். கை? "மாமா, நம்பர கொஞ்சம் தூக்கிப் புடிங்களேன், வெயிலு அடிக்குது, டீச்சருக்குத் தெரியாது"ன்னா லோசனி. வலது கைதான் தூக்க வந்துச்சு, பழக்க தோசம். அட்டைய எடுத்துத் தூக்குனாரு. ஏறுச்சு. ஏறி நின்னுச்சு. எரநூத்திப் பதினாலு. கைய வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாரு, பக்கத்து சீட்டுக்காரன் கையப் பாக்குற மாதிரி. கொஞ்ச நேரத்துல எறங்குச்சு. தானா எறங்குச்சா, இவரு எறக்குனாரா, அதத்தான் சொல்ல முடியல. மறுபடி தூக்கிப் பாத்தா தெரிஞ்சுரும். தெரிஞ்சுக்க வேண்டாம்னு அட்டைய இடது கைக்கு மாத்திக்கிட்டாரு. சொன்னா என்ன ஆகும்? ஆம்புலன்ஸு வரும். இந்த ஊர்ல ஆம்புலன்ஸக் கூப்புட்டா கூடவே தீயணைப்பு வண்டியும் வருது, போன மாசம் தெருக்கோடியில பாத்தாரு, யாருக்கோ மூச்சுத் தெணறலு, எட்டு பேரு தீயணைக்குற உடுப்புல எறங்குனாங்க. நாளைக்கி பங்ஷன் போயிரும். நானூறு பேரு. போகட்டும். சொல்லாட்டி என்ன ஆகும்? கை போகும், காலு போகும், பேச்சு முழுசாப் போகும், டிவியில சொன்னாங்க. இது ரெண்டும் இல்ல பயம். சொல்லி, அவ சிரிச்சுட்டா? அதுதான். ஒரு சின்னக் களுக்கு போதும். அதக் கேட்டா மிச்சம் இருக்குற பாதியும் நின்னுக்கிரும்.

வரிசை ஒரு காரு நகந்துச்சு. மஞ்ச கோட்டுப் போட்ட டீச்சரம்மா நடைபாதையில இந்தப் பக்கமா வந்தாங்க, கையில வாக்கி டாக்கி. தெனம் இவரு பக்கத்து ஜன்னலத் தட்டி விசாரிக்கிற ஆளு, இவரும் தெனம் அவங்க கொரல்லயே திருப்பி விசாரிப்பாரு, அந்தம்மா விழுந்து விழுந்து சிரிச்சுட்டுப் போகும். தட்டுனாங்க. லோசனி அவ பக்கத்துப் பொத்தான அமுக்கி ஜன்னல எறக்கிட்டா. நேருக்கு நேரு. வலது பக்கம் முழுசா வெளிச்சத்துல. மூடாத கண்ணு, தொங்குன வாயி, எல்லாம். இவரு மறைக்கல. ஒளிஞ்சுக்கத் தோணல. பாக்கட்டும், இந்தம்மாவே பாத்துச் சொல்லட்டும், தானா சொல்ல வேண்டாம்னு ஒரு நிம்மதி கூட வந்துச்சு. "ஹவ் ஆர் யூ டுடே, கிராண்ட்பா?"ன்னாங்க. இவரு பதிலத் தேடி வாயத் தொறக்கறதுக்குள்ள, "குட்! குட்! ஹேப்பி ஃபிரைடே!"ன்னு அவங்களே பதிலச் சொல்லிட்டு, எரநூத்திப் பதினாலுன்னு வாக்கி டாக்கிக்குச் சொல்லிட்டு, அடுத்த காருக்குப் போயிட்டாங்க. ஜன்னலு ஏறுச்சு. கண்ணு அவரு மேல பட்டுச்சு, சத்தியமாப் பட்டுச்சு. பாத்தாங்க, ஆனா பாக்கல. தப்பு சொல்ல முடியாது, அவங்களுக்கு இன்னும் அறுவது காரு இருக்கு. கேள்விய மட்டும் கொண்டு வந்தாங்க, பதிலுக்கு எடம் இல்ல. பஸ் ஸ்டாண்டுல இவரு மட்டும் என்னவாம், சிவகாசி பயணிகள் கவனத்திற்குன்னு ஒரு நாளைக்கி அம்பது தடவ சொல்லுவாரு, ஒரு பயணிய நிமிந்து பாத்திருப்பாரா?

மணியடிச்சுச்சு. பிள்ளைக வெளிய வந்து வரிசையா கூம்பு கூம்பா வச்ச எடத்துல நின்னுச்சுக. மூணாவது கூம்புல ஆதிரை, முதுகுல அவளவிட பெரிய பையி, தலைய ஆட்டி ஆட்டி எதோ ஒரு பிள்ளகிட்ட பேசிட்டு நிக்கிறா. ஆறு வயசு. நடைபாத வலது பக்கம். பிள்ளைக ஏர்றது வலது பக்கக் கதவுல. அப்பத்தான் வெயிலுமுத்துக்கு ஒறைச்சுச்சு, அவ வந்து ஏர்றப்ப மொத மொத பாக்கப் போறது இந்த ஜன்னலத்தான், இந்தக் கன்னத்தத்தான். பாத்துட்டு கைய தட்டிச் சிரிப்பா. இவரு நிப்பாட்ட மாட்டாருன்னு இன்னும் சிரிப்பா. அப்பறம் நிப்பாட்டச் சொல்லுவா. அப்பறம் நிக்காது. வரிசை கடகடன்னு நகந்து முன்னாடி அஞ்சு காரு. நாலு. ஒரு பிள்ள ஏற பத்து நொடி. அவ நெஞ்சுல இது முதல்ல விழக் கூடாது. யாராவது பெரியவங்க நெஞ்சுல விழட்டும். மூணு. இவரு மப்ளர அவுத்தாரு. இடது கையாலதான் அவுத்தாரு. "தாயி"ன்னாரு. "ம்?"னா அவ, கண்ணு முன்னாடி. "தாயி, இங்க." தலைய இடது பக்கம் முழுசாத் திருப்பிட்டாரு.

லோசனி பாத்தா. அப்பறம் சிரிச்சா. சும்மா சிரிப்பு இல்ல, ஸ்டியரிங்குல நெத்திய வச்சு, தோளு குலுங்க, சத்தமே வராத சிரிப்பு, ஒரு மிமிக்கிரிக்காரன் வாழ்நாள் பூரா ஒருக்காவாவது கெடைக்காதான்னு ஏங்குற சிரிப்பு. "ஐயோ மாமா... முடியல மாமா... நான் ஓட்டணும் மாமா..." கண்ணத் தொடைச்சுக்கிட்டு நிமிந்து மறுபடி பாத்தா. "அந்தக் கண்ணு எப்பிடி மாமா மூடாம... அது எப்பிடி முடியுது? வெளம்பரத்துல வந்தவரு இல்ல இது. அவரு இப்பிடி இருக்க மாட்டாரு. புது ஆளு. யாரு மாமா இது?"

சிரிப்பு காதுல விழுந்துச்சு. எதையும் நிப்பாட்டல. அவரு எதிர்பாத்த மாதிரி உள்ள எதுவும் ஒடையல. முன்னாடி காரு போயிருச்சு, எடம் காலியாக் கெடக்குது, கூம்பு பக்கத்துல ஆதிரை இந்தக் கார அடையாளம் கண்டு கைய ஆட்டறா. வெயிலுமுத்து மருமக கண்ண நேராப் பாத்தாரு. எந்தக் கொரலும் போட்டுக்கல. எந்த ஆளோட கொரலயும் எடுக்கல. எடுக்காமப் பேசுனா எப்பிடி இருக்கும்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

"நாந்தான்"னாரு.

லோசனி மூஞ்சியில சிரிப்பு இன்னும் இருந்துச்சு, ஆனா அதுக்குள்ள அவ இல்ல. இவரோட இடது கண்ணப் பாத்தா. வலது கண்ணப் பாத்தா. வாயி ஓரமா எறங்குற எச்சியப் பாத்தா, இவருக்குத் தெரியாம அது எப்ப எறங்குச்சோ. "மாமா"ன்னா. "மாமா, எப்பருந்து?"ன்னா. பின்னால ஒரு காரு லேசா ஹாரன் அடிச்சுச்சு. அவ திரும்பிப் பாக்கல. கல்யாணமாகி வந்த எட்டு வருசத்துல அவ இவர ஒரு தடவ கூட தொட்டதில்ல. ஆசீர்வாதம் வாங்குறப்பக் கூட பாதத்துக்கு ஒரு சாண் முன்னாடி தரையத் தொட்டுத்தான் கும்புடுவா. இப்ப சீட்டு பெல்ட்ட அவுத்துட்டு, இந்தப் பக்கம் முழுசாச் சாஞ்சு, கைய நீட்டி அவரு வலது கன்னத்துல வச்சா. விரலு அஞ்சும் பதிஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. கன்னத்துக்குத் தெரியல.